அண்ணைக்காகக் கதைத்தவள்

பவதாரணியின் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. இடது கை தட்டின் மூடியைத் தூக்கியது. வலது கை தட்டை உருவி எடுத்து, கீழே சூட்டு வண்டியில் ஆயத்தமாக வைத்திருந்த இன்னொரு தட்டை அந்த இடத்தில் வைத்தது. இடது கை மூடியைத் திரும்பப் போட்டது. உருவிய தட்டில் கரட் துண்டுகளும் கோழித் துண்டுகளும் இருந்தன. மாற்றி வைத்ததில் அதே கரட்டும் அதே கோழியும் கூழாக அரைபட்டு அச்சில் வார்க்கப்பட்டுக் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும், பொறுப்பானவள் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சுவிஸில், ஓர்லிகோனில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக் குசினி அது. மத்தியானச் சாப்பாடு ஒரு நீண்ட ஓடும் பட்டியில் வரும். அதை அங்கே எல்லோரும் பாண்ட் என்பார்கள். பாண்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் கரண்டி வைப்பார், ஒருவர் சூப் வைப்பார், ஒருவர் தட்டு வைப்பார். ஒவ்வொரு தட்டத்திலும் சாப்பிடப் போகிறவரின் பெயர் எழுதிய ஒரு சிறு அட்டை. அட்டையின் மூலையில் நிறப் பட்டை. பச்சை என்றால் முழுக்க அரைத்த சாப்பாடு. நீலம் என்றால் மெத்தென்று அவித்த சிறு துண்டுகள். பட்டை இல்லாவிட்டால் சாதாரணச் சாப்பாடு. பக்கவாதம் வந்த தொண்டைக்கு விழுங்கும் பலம் போய்விடும். அந்தத் தொண்டையில் ஒரு கரட் துண்டு போய் நின்றால் மூச்சு நிற்கும். ஆகவே அந்தப் பட்டையைப் பார்க்கிற கண் சரியாக இருக்கவேண்டும்.

தட்டு வைக்கிற இடத்தில் நின்றவர் இராஜேந்திரன் அண்ணை. வயது அறுபத்திரண்டு. பாண்டின் முடிவில் நின்று, அவர் பிழையாக வைத்த தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தவள் அவருக்கு மேல் பொறுப்பாக இருந்த பவதாரணி. பங்குனி மாதத்தில் தொடங்கிய வேலை இது. இப்போது நவம்பர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடியிலிருந்து தாதி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். சூப் குறைகிறதாம். பவதாரணி சுவர்ப் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, மூண்டாம் மாடி வண்டி போட்டுது. நான் தள்ளி விட்டிட்டன்," என்றான் சுபேசன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாய் சும்மா இராத ஆள்.

"எல்லாம் பாத்தனியோ?"

"மூடி எல்லாம் வடிவா மூடி இருந்துது அக்கா."

மூன்றாம் மாடியில் ஃபிறாவ் கூப்ளர், அதாவது திருமதி கூப்ளர், என்ற கிழவி இருந்தாள். பச்சைப் பட்டை. அவளை உட்காரவைத்துச் சாப்பாடு தீத்தியது ஒரு புதுத் தாதி. மென்மையான துண்டுதானே, இன்றைக்கு மாற்றியிருப்பார்கள் போல என்று அவளும் நினைத்துவிட்டாள். மூன்றாவது வாயில் கிழவியின் முகம் நீலமானது. முதுகில் அடித்து, குழாய் விட்டு உறிஞ்சி, கரட் துண்டை எடுத்தார்கள். பிறகு அம்புலன்ஸ் வந்தது. குசினிச் சன்னலால் பார்த்தால் அம்புலன்ஸ் நிற்கும் இடம் நேரே தெரியும். பாண்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். இராஜேந்திரன் அண்ணை மட்டும் சன்னலுக்கு வரவில்லை. துணி எடுத்துத் தன் இடத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

குசினித் தலைவர் ரேட்டோ ஒரு சுவிஸ்காரர், நியாயமான மனிதர், பொறுமை குறைவு. அவர் பவதாரணியைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"தட்டு வைத்தது இராஜேந்திரன். அவருக்கு இப்படி முன்பும் நடந்திருக்கிறதா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"இல்லை," என்றாள் பவதாரணி.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடிந்த பிறகுதான் அது பொய் என்று அவளுக்கு உறைத்தது.

ரேட்டோ பெருமூச்சு விட்டார். "அப்படியானால் அசட்டையால் நடந்தது. அசட்டை என்றால் அவரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. நோய் ஏதும் இருந்தால் வேறு. அப்போது வைத்தியரிடம் அனுப்பலாம், வேறு இடம் கொடுக்கலாம். ஆனால் அதை அவர் தன் வாயால் சொல்லவேண்டும். நான் ஊகித்து ஒருவரை நோயாளி ஆக்க முடியாது. வியாழன் காலை மூன்று பேரும் இருந்து பேசுவோம். அதற்கு முன் நீ அவரோடு பேசு. அவருக்குப் பொறுப்பு நீ. அதற்குத்தானே உன்னைக் கோர்ஸுக்கு அனுப்பினோம்?"

கோர்ஸ் செப்டம்பரில் வின்டர்தூரில் நடந்தது. ஆட்களை வழிநடத்துவதற்கு மனவியல். படிப்பித்தவள் ஃபிறாவ் அம்மான் என்ற மெலிந்த பெண். அவள் சொன்னவற்றில் பாதி பவதாரணிக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பாதி தலைக்குள் ஆணி அடித்தது போல் இருந்தது. ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லாதே, நீ கண்ணால் கண்டதைச் சொல். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திரு. உன் ஆட்கள் உன்னிடம் எதையும் கேட்காமல் இருந்தால் சந்தோசப்படாதே, பயப்படு.

திரும்பி வந்தபோது சுபேசன் பாண்டில் நின்று நாடகம் போட்டான். "அக்கா இனி எங்களை 'நீ எப்பிடி உணருறாய்' எண்டு கேப்பா. அக்கா, நான் கால் நோகுது எண்டு உணருறன்." இராஜேந்திரன் அண்ணைதான் கூடுதலாகச் சிரித்தார். "எனக்கு முதுகு அக்கா," என்று அவரும் சேர்ந்துகொண்டார், தன்னிலும் பதினாலு வயது குறைந்தவளை அக்கா என்று கூப்பிட்டு. அப்போது அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இராஜேந்திரன் அண்ணை பவதாரணிக்குச் சொந்தம் இல்லை. அவள் கைதடி என்ற ஊரிலிருந்து தயாநிதியைக் கல்யாணம் கட்டி வந்த புதிதில், ஜெர்மன் பாஷையான டொச்சில் ஒரு சொல் தெரியாத காலத்தில், இதே குசினிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அப்போதைய தலைவருக்கு முன்னால் அவளை நிறுத்தி, தன் உடைந்த டொச்சில், "என் தங்கச்சி. நல்ல வேலை. நான் பொறுப்பு," என்றார். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. வேலை கிடைத்தது. சட்டி கழுவினாள், மரக்கறி வெட்டினாள், பின்னேரங்களில் பள்ளிக்கூடம் போய்ப் பாஷை படித்தாள், சமையல் உதவியாளருக்கான சோதனை எழுதினாள். அவளுடைய டொச் வளர்ந்தது. அவருடையது வளரவில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் அது தலைகீழானது. மேலிடத்திலிருந்து யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் அவர் பவதாரணியைப் பார்ப்பார். அவள் பதில் சொல்லுவாள். வருடக் கடைசியில் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசும் பேச்சில்கூட அவருக்குப் பக்கத்தில் அவள்தான் இருந்தாள். அவருக்கு மேலானவளாக வந்த பிறகும் அவருக்காகக் கதைக்கிறவளாகவே இருந்தாள். இது சரியில்லை என்று ரேட்டோவுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வேலை சுகமாக நடந்தது.

மாசியில் அவர் ஒரு விளையாட்டுத் தொடங்கினார். அட்டையைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளை, உது என்ன நிறம்? என்ர மனுசி வாங்கித் தந்த சேர்ட் மாதிரி ஒரு கோதாரி நிறம்," என்பார். "பச்சை அண்ணை," என்று அவள் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் சேர்ட் போய், பக்கத்து வீட்டு நாய்க்கு மாட்டின பட்டி வந்தது. பிறகு மருமகனின் கார் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில்தான். அவள் அதைக் கவனிக்க ஒரு மாதம் எடுத்தது. கேட்காத அட்டைகளில் பிழை வருவதையும் அப்போதுதான் கண்டாள். கண்ணில் படலம் வளர்ந்தால் முதலில் குழம்புகிற நிறங்கள் இவைதான். மூக்குக் கண்ணாடி போட்டும் பிரயோசனம் இராது.

அவரிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தன்னைக் கைபிடித்துக் கூட்டிவந்த மனிதனிடம், உங்களுக்குக் கண் தெரியவில்லை, நீங்கள் வைக்கிற தட்டு பிழை என்று பாண்டில் வைத்துச் சொல்ல அவளால் ஏலாது. அண்ணை என்று கூப்பிட்ட வாயால் அதைச் சொல்லமாட்டார்கள். ஆகவே கையால் செய்தாள். தட்டை மாற்றினாள்.

கோர்ஸுக்குப் போய்வந்த பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது. அதற்கு நம்முடைய ஆட்கள் எல்லோரும் செய்கிறதையே செய்தாள். பெண்சாதியிடம் சொல்லி அனுப்பினாள். ஒக்டோபரில் டீட்டிக்கோனில் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியவளானதற்குக் கொண்டாட்டம். சாப்பாட்டு வரிசையில் அண்ணையின் மனைவி சிவகலாவுக்குப் பின்னால் நின்று, காதோடு காதாக, "அக்கா, அண்ணையின்ரை கண்ணை ஒருக்காக் காட்டினா நல்லது. நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ," என்றாள்.

சிவகலாவின் முகம் சுருங்கியது. "ஏன், என்ன செய்தவர்?"

"ஒண்டுமில்லை. சும்மா. தட்டு மாறுது."

பவதாரணிக்குப் பின்னாலும் ஒருத்தி வரிசையில் நின்றாள். ஐஸ்கிரீம் கொடுக்கத் தொடங்கும்போது மூன்று மேசைக்குத் தெரிந்திருந்தது. அடுத்த கிழமை தமிழ்க் கடையில் மரவள்ளி வாங்கிக்கொண்டிருந்த இராஜேந்திரன் அண்ணையிடம் ஒருவர், "என்னண்ணை, கண் தெரியாதாமே? இன்னும் கார் ஓடுறியளோ?" என்று சத்தமாகக் கேட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் நிறம் கேட்கவில்லை. சேர்ட் இல்லை, நாய் இல்லை, மருமகன் இல்லை. அட்டையைப் பார்ப்பார், தட்டை வைப்பார், அடுத்த அட்டையைப் பார்ப்பார். கேட்டால் உண்மை என்றாகிவிடும். பிழைகள் இரட்டிப்பாகின. பவதாரணியின் கைகள் வேகம் பிடித்தன. ஃபிறாவ் அம்மான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் அடுத்த மூடியைத் தூக்கினாள்.

புதன்கிழமை காலை, குளிர் அறைக்கு வெளியே அவரைத் தனியே பிடித்தாள். முதல்நாள் இரவு முழுக்க வசனத்தைப் பாடமாக்கியிருந்தாள்.

"அண்ணை, நான் கண்டதைச் சொல்லுறன். நேற்று பச்சை அட்டைக்குத் துண்டுச் சாப்பாடு போனது. அது எனக்குக் கவலையாக் கிடக்கு. நீங்கள் இதை எப்பிடிப் பாக்கிறியள்?"

அவர் பால் பெட்டியைக் கீழே வைத்தார். "உதென்ன, கோர்ஸிலை தந்த பாட்டோ?"

"இல்லை அண்ணை…"

"'எப்பிடிப் பாக்கிறியள்' எண்டு கேக்கிறாய். பாக்கிறதைப் பற்றித்தான் கேக்கிறியோ? மண்டபத்திலை சொல்லி முடியேல்லையோ?"

"அண்ணை, நாளைக்கு ரேட்டோ கேப்பார். கண்ணிலை ஏதும் எண்டா நீங்களே சொல்லிப்போடுங்கோ. அசட்டை எண்டு எழுதினா வேலை போகும்."

"என்ர கண்ணுக்கு என்ன? உன்னை வடிவாத் தெரியுது. இப்பதான் வடிவாத் தெரியுது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பதினாலாம் நம்பர் ட்ராமில் ஏறி ஸேபாஹ்வில் இறங்கினாள். அண்ணையின் வீடு மூன்றாம் மாடி. மணியை அடிக்குமுன் நின்று மூச்சு வாங்கினாள். போகாமல் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். கீழே எங்கோ யாரோ மீன் பொரித்தார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

சிவகலா கதவைத் திறந்தாள். "வா" என்று சொல்லவில்லை. வழி விட்டாள். அவ்வளவுதான்.

அண்ணை தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டக் கதிரையைப் போட்டு இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார். எவ்வளவு கோபம் என்றாலும் வீட்டுக்கு வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடமாட்டார், அதையும் தானே போடுவார். சீனிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் மூடியைத் தடவிப் பார்த்து எடுத்தார். பவதாரணி அதைப் பார்த்தாள். சிவகலாவும் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பாடமாக்கிய வசனம் எதுவும் அவளிடம் மிச்சம் இருக்கவில்லை.

"அண்ணை, நான் பங்குனியிலை இருந்து உங்கட தட்டுகளை மாத்திக்கொண்டு வாறன்."

கோப்பை மேசைக்கு வரும் வழியில் நின்றது.

"எந்தத் தட்டு?"

"நீங்கள் பிழையா வைக்கிறது எல்லாம். முடிவிலை நிண்டு மூடியைத் துறந்து மாத்துவன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லேல்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்துது, திரும்பிட்டன். அதுதான் நடந்தது. ரேட்டோ கேக்க, தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

"எத்தினை தட்டு?"

"எண்ணேல்லை."

"ஒரு நாளைக்கு ஒண்டோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"ரண்டோ? சொல்லன் பிள்ளை."

"கூட, அண்ணை."

அவர் கோப்பையை வைத்தார். தேத்தண்ணி தட்டில் சிந்தியது. அதைப் பார்த்தார், பார்க்க முடிந்த அளவுக்கு.

"நான் சமாளிக்கிறன் எண்டு நினைச்சன்," என்றார். "நிறம் பிடிபடாட்டி எழுத்தைப் பாக்கிறன், எழுத்து பிடிபடாட்டிப் பேரை ஞாபகம் வைச்சிருக்கிறன், ஒரு பிழையும் வரேல்லைத்தானே எண்டு நினைச்சன். வந்தா ஆரும் சொல்லியிருப்பினம்தானே எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்த இடத்திலை நிப்பனோ? சொல்லு. நிப்பனோ?"

"மாட்டியள் அண்ணை."

"அந்தக் கிழவி செத்தா என்ன செய்யிறது?"

கோர்ஸில் இதற்கு ஒன்றும் தந்திருக்கவில்லை.

"எனக்கு மரியாதை செய்யிறன் எண்டு நினைச்சியாக்கும்," என்றார். "போ பிள்ளை. எனக்காக இனி ஒண்டும் செய்யாதை."

"நாளைக்கு ரேட்டோவிட்டை…"

"போ."

சிவகலா கதவு வரை வந்தாள். குரலைத் தாழ்த்தி, "ஒப்பரேசன் எண்டா கண்ணே போயிடும் எண்டு பயம். காரையும் விடவேணும் எண்டு பயம். எனக்கே இத்தினை மாசமாச் சொல்லேல்லை," என்றாள். பிறகு, "நீ அண்டைக்கு எனக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அவரிட்டைச் சொல்லியிருக்கவேணும்," என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டில் தயாநிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இல்லை எண்டு சொல்லிட்டாய். இனி ஓம் எண்டு சொன்னா நீ பொய்க்காரி. உன்ரை வேலையும் போகும், அவற்றை வேலையும் போகும். பேசாமல் இரன்."

"பேசாமல் இருந்ததாலைதான் இவ்வளவும்."

"அப்ப அவர் வாய் திறப்பாரோ?"

"தெரியாது."

"திறக்காட்டி?"

அவள் மறுநாளுக்கான உடுப்பை எடுத்து வைத்தாள். கைக்கு வேறு வேலை கிடைக்காததால் எடுத்து வைத்ததைத் திரும்ப மடித்தாள். அவர் வாய் திறக்காவிட்டால், கண் பழுது என்று தான் சொல்லலாமா? சொன்னால், அவருக்காக அவள் கதைத்த எத்தனையோ தடவைகளில் இதுவும் ஒன்றாகிவிடும். ரேட்டோ அவர் முகத்தைப் பார்ப்பார், அவர் இல்லை என்பார், கதை அதோடு முடியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

வியாழன் காலை மூன்று பேரும் கண்ணாடி அறையில் இருந்தார்கள். ஃபிறாவ் கூப்ளருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒட்சிசன் போட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் போகாமல் ஒன்றும் சொல்லமாட்டார்களாம் என்று ரேட்டோ முதலில் சொன்னார். மகள் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். மேசையில் கிழவியின் செவ்வாய்க்கிழமை அட்டை, பச்சைப் பட்டையோடு, கிடந்தது. பக்கத்தில் வேறு ஒருவருடைய நீலப் பட்டை அட்டையும் கிடந்தது.

ரேட்டோ தொடங்குமுன் பவதாரணி சொன்னாள். "செவ்வாய்க்கிழமை நான் உனக்குப் பொய் சொன்னேன். எனக்கு மார்ச் மாதத்திலிருந்து தெரியும். பிழையான தட்டுகளை நானே மாற்றினேன். இராஜேந்திரனுக்கு அது தெரியாது."

ரேட்டோ பேனையை மேசையில் வைத்தார். அவருடைய கழுத்து சிவந்தது. "மார்ச்."

"ஓம்."

"நீ கோர்ஸுக்குப் போய் வந்தாய்."

"ஓம்."

"அதற்குப் பிறகும்?"

"அதற்குப் பிறகும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "இன்றையிலிருந்து நீ பாண்டுக்குப் பொறுப்பில்லை. மிச்சத்தை நிர்வாகம் தீர்மானிக்கும். வேலையில் வைத்திருப்பார்கள் என்று நான் வாக்குத் தரமாட்டேன்," என்றார். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு ரேட்டோ மறுபக்கம் திரும்பினார். "இராஜேந்திரன், நீ சொல். என்ன நடந்தது?"

அண்ணை பவதாரணியைப் பார்த்தார். பழக்கம். டொச்சில் கேள்வி வந்தால் அவர் தலை தானாக அவள் பக்கம் திரும்பும், அவள் வாய் தானாகத் திறக்கும். இப்போதும் திறந்தது. சொல்லவேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கண், படலம், பயம், கார், மனுசிக்கே சொல்லாதது. அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பாள், நல்ல டொச்சில்.

அவள் வாயை மூடினாள். கைகளைத் தொடைக்குக் கீழ் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் பேசிவிடுவாள் என்று தெரிந்ததால் மேசையைப் பார்த்தாள்.

பக்கத்து அறையில் தட்டுக் கழுவும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ரேட்டோவுக்குப் பொறுக்கவில்லை, ஏதோ கேட்க வாயெடுத்தார். பவதாரணி மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். அவர் நிறுத்திக்கொண்டார். இயந்திரம் ஓடியது. அண்ணையின் கதிரை கிறீச்சிட்டது. போகப் போகிறார், முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

அவர் எழும்பி இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்தார், மற்றதைப் பிடித்தார், கிட்டவும் தூரவும் கொண்டுபோனார். நவம்பர் வெளிச்சம், அதில் எவ்வளவு இருக்கும்?

"பைடே கிறாவ்," என்றார். இரண்டும் சாம்பல். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தன் உடைந்த டொச்சில் சொன்னார். "கண் சரியில்லை. கன காலம். நான் சொல்லவில்லை. அவள் தட்டு மாற்றினாள். எனக்குச் சொல்லவில்லை. அது நல்லதில்லை."

"இல்லை," என்றார் ரேட்டோ. "நல்லதில்லை."

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ரேட்டோ அங்கேயே இருந்து கண் வைத்தியரைக் கூப்பிட்டு அடுத்த கிழமைக்கு நேரம் எடுத்தார். அதுவரை அண்ணைக்குச் சட்டி கழுவும் இடம். அங்கே நிறம் தேவையில்லை. அவர் அதற்கு நன்றி சொல்லவில்லை. பவதாரணியைச் சுற்றிக்கொண்டு கடந்தார். ரப்பர் அங்கியைக் கட்டிக்கொண்டு பெரிய சட்டிகளுக்குப் போனார்.

பாண்டின் முடிவில் சரிபார்க்கச் சுபேசனை நிறுத்தினார்கள். அண்ணை நின்ற இடத்தில், தட்டு வைக்க, பவதாரணியை நிறுத்தினார்கள். காலையிலேயே எல்லோருக்கும் விசயம் தெரிந்திருந்தது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. சுபேசனின் வாய்கூட மூடிக்கிடந்தது.

பாண்ட் ஓடத் தொடங்கியது. முதல் அட்டை, பட்டை இல்லை. இரண்டாவது நீலம். அவளுக்கு இரண்டு இரவாக நித்திரை இல்லை. சட்டிப் பக்கமிருந்து இரும்பு இரும்பில் மோதும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நீலம், பட்டை இல்லை, பச்சை, பட்டை இல்லை, நீலம், பச்சை.

முடிவில் சுபேசன் ஒரு மூடியைத் தூக்கினான். உள்ளே பார்த்தான். அட்டையைப் பார்த்தான். பவதாரணியை ஒருதரம் பார்த்துவிட்டு, மூடியைப் பிடித்தபடியே மற்றக் கையைக் கீழே சூட்டு வண்டிக்குக் கொண்டுபோனான், மெதுவாக, ஒருவருக்கும் தெரியாமல்.

அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கை போகிற விதம் அவளுக்குத் தெரியாததா?

"சுபேசன்! என்ன செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"என்ன எண்டு சொல்லு."

அவன் பாண்டில் நின்றவர்களைப் பார்த்தான். சட்டிப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. "அக்கா, இது… நீங்கள் வேலையைப் பாருங்கோ, நான் பாக்கிறன்."

"சத்தமாச் சொல்லு."

"இது பச்சை அக்கா," என்றான் சுபேசன், முகம் கறுத்து. "நீங்கள் துண்டு வைச்சிட்டியள். பிழை."

பவதாரணி கையை நீட்டிச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமத்தினாள். பாண்ட் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, முடிவு வரை நடந்து வந்து, தட்டைத் தானே எடுத்து, அரைத்ததைத் தானே வைத்து, மூடியைப் போட்டாள். திரும்பித் தன் இடத்துக்கு நடந்து போய் நின்றாள்.

"பாண்டை விடு," என்றாள்.

பாண்ட் ஓடியது. சட்டிப் பக்கம் சத்தம் திரும்பத் தொடங்கியது.